மாம்பழக் கணக்கு

காவேரிப்பட்டணம்,
ஆடி 28

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

நீ போனில் அழுததை உன் அம்மாவிடம் சொல்லவில்லை. ஆஸ்பத்திரித் தாள்களைப் படம் எடுத்து உனக்கு அனுப்பியது தம்பி. அதில் கொட்டை எழுத்தில் இருந்த சர்க்கரை 386 உன்னைப் பயமுறுத்திவிட்டது. அது நான் போய்ச் சேர்ந்த அன்று எடுத்தது, கண்ணு. காலில் முள் ஏறியதே தெரியாமல் நான்கு நாள் தோப்பில் நடந்து, சீழ் வைத்துக் காய்ச்சலோடு போனேன். உடம்பில் சீழும் காய்ச்சலும் இருந்தால் சர்க்கரை இன்னும் ஏறுமாம். சீழ் வைத்தால் ரத்தத்தில் கூடும் வெள்ளை அணுக்களும் 14,200 என்று அதே தாளில் இருக்கிறது, பார். ஆறாம் நாள் வீட்டுக்கு அனுப்பும்போது அது 8,600, சர்க்கரை 142. புண் அடங்க அடங்க இரண்டும் இறங்கிவிட்டன.

நீ பார்க்காமல் தாண்டிப்போன எண் இரண்டாம் பக்கத்தின் அடியில் இருக்கிறது. எச்பிஏ1சி 9.8. இங்கே எல்லோரும் 'மூன்று மாதச் சர்க்கரை' என்பார்கள். ரத்தத்தின் சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழ்கிறது. அத்தனை நாளும் அதில் ஒட்டிய சர்க்கரையை இந்தப் பரிசோதனை காட்டிவிடுகிறது. 9.8 என்றால் சராசரி 235 என்று டாக்டரம்மா தாளின் பின்புறம் எழுதிக் காட்டினார். எனக்கு 7-க்குள் இருக்க வேண்டுமாம்.

மூன்று மாதம் பின்னால் எண்ணினேன். சித்திரைக் கடைசியில் செந்தூரா, வைகாசியில் மல்கோவா, ஆனியில் நீலம். தோப்புக்காரன் பழத்தை ருசி பார்க்காமல் எப்படி விற்பது என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். உனக்கும் ஒரு பொய் சொன்னேன். 2021 ஆகஸ்டில் நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கினார்களே, மக்களைத் தேடி மருத்துவம், அதில் மாத்திரை கொண்டுவரும் பெண் விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பாள். அவள் வருவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே வாயைக் கட்டிவிடுவேன். 130 வரும். "பார், அப்பாவுக்கு எல்லாம் சரியாக இருக்கிறது" என்று உனக்குப் போன் செய்வேன். அந்தப் பிள்ளையை ஏமாற்ற முடிந்தது. சிவப்பணுவை முடியவில்லை.

களியையும் சொல்ல வேண்டும். கேழ்வரகு சர்க்கரைக்காரனுக்கு மருந்து என்று ஊரே சொல்கிறது. நானும் வேளைக்கு இரண்டு உருண்டை தின்றேன். 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 70 கிராம் மாவுச்சத்துதான் என்று ஆஸ்பத்திரியில் இருந்த உணவு ஆலோசகர் சொன்னபோது எனக்குக் கோபமே வந்தது. இப்போது சின்ன உருண்டை ஒன்று, பக்கத்தில் கீரைக் கடைசல் நிறைய.

சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் 64 என்று இருப்பதை நீ இன்னும் கேட்கவில்லை, கேட்பாய். 30-க்குள் இருக்க வேண்டியது. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் 1.1 என்பதால் சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்று நானே முடிவு கட்டியிருந்தேன். சிறுநீரகம் ஓரளவு பழுதான பிறகுதான் கிரியாட்டினின் ஏறுமாம், ஆல்புமின் முன்னாலேயே கசியத் தொடங்கிவிடுமாம். ஆனால் காய்ச்சலிலும் அது கூடும் என்பதால், ஒரு தடவை பார்த்து எதையும் சொல்ல முடியாது, மூன்று மாதத்தில் மறுபடி பார்க்கலாம் என்றார் டாக்டரம்மா. முள் ஏறியது தெரியாமல் போனதுதான் எனக்குப் பெரிய பயம். பாதத்தில் உணர்வு குறைந்திருக்கிறது. தினமும் இரவு உன் அம்மா டார்ச் அடித்து என் உள்ளங்காலைப் பார்க்கிறாள். முப்பத்தைந்து வருடத்தில் என் காலை அவள் இவ்வளவு பார்த்ததில்லை.

ஐப்பசியில் மறுபடி ரத்தம் கொடுப்பேன். வருகிற தாளைத் தம்பி கையில் கொடுக்காமல் நானே முழுதாக உனக்கு அனுப்புகிறேன். தீபாவளிக்கு நீ வரும்போது அங்கிருந்து இனிப்பு எதுவும் வாங்கி வராதே. ஆவக்காய் ஊறுகாய் ஒரு ஜாடி உனக்கென்று எடுத்துவைத்திருக்கிறாள் அம்மா.

அப்பா