கம்பி ஷூ செய்து கொடுத்தவர்களுக்கு

அன்புடையீர்,

பிறக்கும்போதே பாதம் உள்நோக்கித் திரும்பியிருந்த பிள்ளைகளின் பெற்றோர் நாங்கள். உசிலம்பட்டி, திருமங்கலம், மேலூர்ப் பக்கத்துக்காரர்கள். பொன்செட்டி என்ற மருத்துவர் வகுத்த முறையில் வாராவாரம் மாவுக்கட்டு மாற்றிப் பாதத்தை நேராக்கிவிடுகிறார்கள். பாடு அதற்குப் பிறகுதான். இரண்டு ஷூக்களைக் கம்பியால் இணைத்த பிரேஸை முதல் மூன்று மாதம் நாளொன்றுக்கு 23 மணி நேரமும், பின்பு நான்கைந்து வயது வரை தூங்கும் நேரத்திலும் மாட்ட வேண்டும். விட்டால் பாதம் பழையபடி திரும்பிக்கொள்ளும்.

மதுரை வெயிலில் அந்த ஷூவுக்குள் வியர்த்துக் குதிகால் புண்ணாகும். சேலைத் தொட்டிலில் கம்பி குறுக்கே சிக்கும். பிள்ளை வீறிட்டு அழும், பாட்டி கழற்றிவிடுவார். அவரைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது?

இயன்முறை மருத்துவர் அம்மாவுக்கு முதல் நன்றி. கழற்றியதற்காக எங்களைத் திட்டாமல், எங்கே உறுத்துகிறது என்று ஒவ்வொரு தாயிடமும் கேட்டு எழுதிக்கொண்டீர்கள். பொறியியல் கல்லூரித் தம்பி தங்கைகளே, நீங்கள் கணினியில் வரைந்து வந்த படத்தைப் பார்த்துச் செருப்புத் தைக்கும் அண்ணன் சிரித்தது நினைவிருக்கிறதா? தையல் குதிகாலுக்குள் விழுகிறது என்றார். தையலை வெளிப்பக்கம் திருப்பி, உள்ளே மெல்லிய ஆட்டுத்தோல் வைத்து, குதிகால் கீழே இறங்கியிருக்கிறதா என்று பார்க்க ஓர் ஓட்டையும் விட்டார். ஷூவை முதலில் மாட்டிவிட்டுக் கம்பியைப் பிறகு பொருத்தும் கொக்கி உங்கள் யோசனை. காலை உதைக்கும் பிள்ளைக்கு ஷூ மாட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

எலும்பு மருத்துவர் ஐயா ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை: கம்பியில் வளைந்த பாதத்தின் ஷூ வெளிப்புறமாக 60 முதல் 70 டிகிரி திரும்பியிருக்க வேண்டும், நல்ல பாதத்தின் ஷூ 30 முதல் 40. அது நழுவாதபடி துளையிட்டுத் தந்தவர் லேத் பட்டறை அண்ணன். நெறிமுறைக் குழுவின் அனுமதி வரும்வரை எந்தக் குழந்தைக்கும் மாட்டக் கூடாது என்று பிடிவாதமாக நின்ற பேராசிரியரை அப்போது மனத்துக்குள் வைதோம். இப்போது கும்பிடுகிறோம்.

தொட்டில் சிக்கலைத் தீர்த்தது செல்லம்பட்டிப் பக்கத்துப் பாட்டி ஒருவர். "கம்பியை ஏன் குறைக்கிறீர்கள், தொட்டில் கட்டையை நீளமாகப் போடுங்கள்" என்றார். அவ்வளவுதான்.

ஷூவின் அளவுத்தாள்கள் இயன்முறை மருத்துவரிடம் இருக்கின்றன. வேறு ஊர் மருத்துவமனைகள் கேட்டால் கொடுக்கச் சொல்லியிருக்கிறோம். லேத் பட்டறை அண்ணன் கூலியை இன்னும் வாங்கவில்லை. இந்த மடலோடு அனுப்பியிருக்கிறோம். தயவுசெய்து திருப்பி அனுப்பாதீர்கள், அண்ணா.

இப்படிக்கு,
பெற்றோர்கள்