இன்வெர்ட்டர் லைனுக்கும் காவல் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நாளை எங்கெங்கே மின்தடை என்று நீங்கள் போடும் பட்டியலைத்தான் நான் முதலில் பார்ப்பேன். சத்துவாச்சாரியில் வீட்டு முன்னறையிலேயே தையல் கடை. காலை 9 மணிக்குக் கரண்ட் போனால், அது வரும்வரை மிஷின் ஓடுவது இன்வெர்ட்டரில்தான்.

போன சித்திரையில் அப்படி ஒரு நாள். நம்ம ஊர் வெயிலைத்தான் சொல்ல வேண்டியதில்லையே. தரையை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, காயும் முன்பே வெறுங்காலோடு உட்கார்ந்து ஜாக்கெட்டுக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தேன். மிஷினின் இரும்புச் சக்கரத்தைத் தொட்டதும் முழங்கை வரை சுண்டி இழுத்தது. மோட்டாருக்குள் எண்ணெய் இறங்கி, ஒயரின் மேல்பூச்சு கெட்டிருந்ததாம்.

"வீட்டில் கரண்ட் கசிந்தால் தானே விழுந்து துண்டிக்கும் ஆர்சிசிபி சுவிட்ச் இருக்கே, ஏன் விழலை?" என்று வயர்மேனிடம் கேட்டேன். "இந்த லைன் அது வழியா போகவே இல்லியேம்மா" என்றார். இரண்டு வருடம் முன்பு இன்வெர்ட்டர் மாட்டியபோது ஆர்சிசிபி அடிக்கடி விழுந்தது. மாட்டியவர் அதைத் தாண்டி ஒயர் இழுத்துவிட்டுப் போனார். தொல்லை விட்டது என்று நானும் காபி கொடுத்து அனுப்பினேன்!

அது விழுந்ததற்குக் காரணம் சின்னதுதான். பேஸில் போகிற கரண்டும் நியூட்ரலில் திரும்புகிற கரண்டும் சமமாக இருக்க வேண்டும். 30 மில்லியாம்பியர் குறைந்தாலே கசிவு என்று எடுத்துக்கொண்டு அது விழுந்துவிடும். அவர் இன்வெர்ட்டர் லைன் நியூட்ரலை மற்ற லைன்களின் நியூட்ரலோடு சேர்த்து முறுக்கியிருந்தார், கணக்கு உதைத்தது. அந்த லைனில் எம்சிபி இருந்ததே என்றால், அது 6 ஆம்பியருக்கு மேல் போனால்தான் விழும் சுவிட்ச். ஆளைக் கொல்ல அதில் நூறில் ஒரு பங்குகூடப் போதும்.

அப்புறம் எர்த், அதாவது கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்கும் ஒயர். கரண்ட் வந்த பிறகு, பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 100 வாட்ஸ் பல்பை வைத்துக் காட்டினார். இழை லேசாகக்கூடச் சிவக்கவில்லை, எர்த் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். எர்த் ஒயர் கட்டியிருந்தது குளியலறைக் குழாயில். அந்த இரும்புக் குழாயை எடுத்துவிட்டு பிவிசி போட்டு நான்கு வருடம் ஆகிறது.

இப்போது பின்கட்டில் குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு பைப் இறக்கியாயிற்று. இன்வெர்ட்டரிலிருந்து வெளியே வரும் லைனுக்குத் தனி நியூட்ரல், தனியாக ஒரு 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி. மெயினில் இருப்பது விழுந்தாலும் பேட்டரியிலிருந்து வருவதை அதனால் நிறுத்த முடியாது என்பதால் இது தேவையாம். மாதம் ஒருமுறை டெஸ்ட் பட்டனை அழுத்துகிறேன். ஆனால் அது சுவிட்சைத்தான் சோதிக்கும், எர்த்தை அல்ல. கோடையில் குழிக்குத் தண்ணீர் ஊற்றுவது என் வேலை.

இன்வெர்ட்டர் விற்கும் கடைக்காரர்கள், மாட்ட வரும் பையனிடம் ஒரு சோதனை பல்பும் கொடுத்தனுப்பினால் நல்லது. எதிர் வீட்டிலும் பார்க்கச் சொன்னேன். அங்கே எர்த் ஒயரை எதிலும் சேர்க்காமல் போர்டுக்குள்ளேயே சுருட்டி வைத்திருந்தார்கள்.

தையற்கடை வாசகி,
சத்துவாச்சாரி, வேலூர்.