அந்த 19 மாதங்கள்

அன்பு மகளுக்கு,

உனக்குத் தமிழ் வாசிக்க நேரம் எடுக்கும் என்று தெரியும். ஆறுதலாக வாசி. போனில் கதைத்தால் நீ இடையில் மறித்துக் கேள்வி கேட்பாய், நான் பாதியை விழுங்கிவிடுவேன். இதில் ஒன்றையும் விழுங்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

பிராட்ஃபோர்ட் ஏல வீட்டின் படங்களை வட்ஸ்அப்பில் பார்த்தேன். 150,000 பவுண்ஸுக்கு எடுத்து, எட்டுக் கிழமையில் திருத்தி விற்றால் கையில் 40,000 நிற்கும் என்று மருமகன் கணக்குப் போட்டிருக்கிறார். அந்தக் கணக்கை நீங்கள் எங்கே படித்தீர்கள் என்று எனக்குத் தெரியும். நானும் அங்கேதான் படித்தேன்.

2001இல் சனல் 4 ரீவியில், வீட்டை வாங்கித் திருத்தி விற்பவர்களைக் காட்டும் 'ப்ராப்பர்ட்டி லாடர்' நிகழ்ச்சி தொடங்கியபோது நீ சின்னப் பிள்ளை. அதை நடத்திய சாரா பீனி வந்து, அந்தச் சுவரை இடிக்க வேண்டாம், குளியலறைக்கு இவ்வளவு கொட்ட வேண்டாம் என்று சொல்லுவார். வீட்டுக்காரர் தலையை ஆட்டிவிட்டுத் தாங்கள் நினைத்ததையே செய்வார்கள். கடைசியில் வீடு விற்கும் முகவர்கள் வந்து விலை சொல்லுவார்கள், திரையில் ஒரு லாபத் தொகை வரும். நான் அந்தத் தொகையை மட்டும்தான் பார்த்தேன். சொல்லுக் கேளாதவனுக்கே இவ்வளவு என்றால், கேட்டுச் செய்கிறவனுக்கு எவ்வளவு வரும் என்று யோசித்தேன். அப்போது வீட்டு விலை தன்பாட்டில் ஏறிக்கொண்டிருந்தது. அவர்களில் பலருடைய லாபம் புதுக் குசினியால் வந்ததே இல்லை, வீட்டைச் சும்மா பூட்டி வைத்திருந்தாலும் வந்திருக்கும். இது எனக்கு விளங்க 2008 ஆனது.

2007 மார்ச்சில் குரொய்டனில் வரிசையாக ஒட்டிக் கட்டிய பழைய ரெறஸ் வீடு ஒன்றை 212,000க்கு ஏலத்தில் எடுத்தேன். உனக்கு அப்போது பதினொரு வயது. சுத்தியல் விழுந்த கணமே ஒப்பந்தம் கட்டிவிடும். 10 வீதத்தை அன்றைக்கே வைக்க வேண்டும், மிச்சத்துக்கு 28 நாள். முன்பணம் எங்கள் சேமிப்பும், நான் கழித்து எடுத்த சீட்டுக் காசும். வீட்டின் சட்டப் பத்திரங்கள் அடங்கிய கட்டை, அந்த லீகல் பாக்கை, நான் திறந்தும் பார்க்கவில்லை. வீட்டை ஒரே ஒரு தடவை, பதினைந்து நிமிடம் பார்த்தேன்.

மூன்று மாதம், 30,000 பவுண்ஸ் என்று திட்டம். பெற்றோல் ஸ்டேஷனில் இரவு வேலை முடித்துவிட்டுப் பகலில் நானே பூச்சு வேலை செய்தேன். முன்னறைச் சுவரின் அடியில் ஈரம் சுவறியிருந்தது. பழைய பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசி, பெயின்ற் அடித்தேன். மூன்றாம் மாதம் அதே இடத்தில் அதே கறை. வெளியே யாரோ முந்தி போட்ட கொங்கிறீற் நடைபாதை, ஈரத் தடுப்புப் படைக்கு மேலாக உயர்ந்து நின்றது. மழைத் தண்ணீர் அந்தப் படையைத் தாண்டி நேரே செங்கல்லுக்குள் போனது. உள்ளே எத்தனை தரம் பூசியென்ன, வெளியே அல்லவா வெட்டியிருக்க வேண்டும்! அதைவிட மோசம் குசினிச் சுவர். அதை எடுத்து, மேல்பாரத்தைத் தாங்க இரும்பு வளை (பீம்) போட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். வளையின் ஒரு முனை பக்கத்து வீட்டோடு பொதுவான சுவரில் இருக்க வேண்டும். அதற்கு இரண்டு மாதம் முன்னதாக அயலவருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்று 1996இன் சட்டம் சொல்கிறது. எனக்கு அது சுவரை உடைத்த பிறகுதான் தெரிந்தது. வேலை நின்றது. வட்டி நிற்கவில்லை.

அந்தச் செப்டெம்பரில் நோர்தன் றொக் வங்கி வாசல்களில், போட்ட காசைத் திருப்பி எடுக்கச் சனம் வரிசையில் நின்றதை ரீவியில் பார்த்தோம். நான் அப்போதும் டைல்ஸ் தெரிவு செய்துகொண்டிருந்தேன். 2008 பெப்ரவரியில் வேலை முடிந்து முகவர்களைக் கூப்பிட்டபோது 290,000 என்றார்கள். அன்று இரவு அம்மாவும் நானும் சந்தோசமாகச் சாப்பிட்டோம். அந்த விலைக்கு வாங்க ஒருவரும் வரவில்லை. நவம்பரில் 239,000க்குக் கொடுத்தேன். வேலைக்கு 49,000, வட்டி 18,500, வரி, சட்டத்தரணி, முகவர் எல்லாம் சேர்த்தால் போனது ஏறக்குறைய 48,000 பவுண்ஸ். என் கூலி அதில் இல்லை.

உனக்கு நாங்கள் சொன்னதெல்லாம், வீட்டை விற்றுவிட்டோம் என்பது மட்டும்தான். அம்மாவின் காப்பும் அட்டியலும் லொக்கரில் இருப்பதாகச் சொன்னோம். அவை இல்லை, மகள். உன் கலியாணத்துக்கு அம்மா போட்டிருந்த அட்டியல் சித்தியிடம் வாங்கிய இரவல். அம்மா ஒரு நாளும் என்னைக் குத்திக் கதைத்ததில்லை. இன்றைக்கு இதை எழுதச் சொன்னதும் அவதான்.

நான் பார்த்த 'ப்ராப்பர்ட்டி லாடர்' நிகழ்ச்சியே 2009இல் 'ப்ராப்பர்ட்டி ஸ்நேக்ஸ் அண்ட் லாடர்ஸ்', அதாவது பாம்பும் ஏணியும், என்று பெயரை மாற்றிக்கொண்டது. நீங்கள் இப்போது பார்க்கிற 'ஹோம்ஸ் அண்டர் த ஹாமர்' 2003இலிருந்து பிபிசியில் போகிறது. அதன் முடிவைக் கவனித்துப் பார். முகவர் சொல்லும் மதிப்பிலிருந்து வாங்கிய விலையையும் திருத்தச் செலவையும் கழிப்பார்கள். பெரும்பாலும் வீடு இன்னும் விற்றிராது. வரியும் மற்றச் செலவுகளும் அந்தக் கணக்கில் இல்லை என்று அவர்களே சொல்லுவார்கள், அது காதில் விழாமல் போய்விடும்.

உங்கள் 150,000க்கு வருவோம். லீட்ஸில் உங்களுக்கு ஒரு ஃபிளாட் இருக்கிறபடியால் இது இரண்டாவது வீடு. 2024 ஒக்ரோபர் கடைசியிலிருந்து அதற்கு முத்திரை வரியில் மேலதிகமாக 5 வீதம். முத்திரை வரி மட்டும் 8,000 வரும். மருமகனின் தாளில் அந்த வரியே இல்லை. வேலைக்காரரின் பில்லில் 20 வீதம் வற் வரி. குசினியும் குளியலறையும் இல்லாத வீட்டுக்கு வங்கிகள் இலகுவில் அடமானக் கடன் தராது, 28 நாளுக்குள் காசு கட்டவும் வேண்டும், ஆகவே பிரிட்ஜிங் என்கிற குறுகிய காலக் கடனுக்குத்தான் போவீர்கள். அதன் வட்டி வருடக் கணக்கில் இல்லை, மாதக் கணக்கில். விற்று லாபம் வந்தால் அதற்கும் வரி. விலை இறங்கவே தேவையில்லை, எட்டுக் கிழமை எட்டு மாதமானாலே அந்த 40,000 கரைந்துவிடும். 2022 செப்டெம்பரில் அரசாங்கத்தின் மினி பட்ஜெட் வந்து சில நாளிலேயே வங்கிகள் கடன் திட்டங்களைத் திருப்பி எடுத்தன. உங்கள் ஃபிளாட் கடனுக்காக நீ அழுது போன் எடுத்தது எனக்கு மறக்கவில்லை.

வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. உனக்கு வீடு கட்டுவதில் இருக்கிற ஆசை என்னிடமிருந்து வந்தது, அதில் எனக்குச் சந்தோசம். ஆனால் வேலையை விடுகிற கதையை இப்போதைக்கு விடு. லீகல் பாக்கை இன்றைக்கே எனக்கு அனுப்பு, தெரிந்த சட்டத்தரணி ஒருவருக்குக் காசு கொடுத்து வாசிப்பிப்போம். சனிக்கிழமை காலை ரெயினில் வருகிறேன். வீட்டைப் பார்க்க முகவரிடம் ஒரு மணித்தியாலம் கேட்டு வை. முதலில் வெளிச்சுவரைச் சுற்றி நடந்து, நிலம் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். மருமகனையும் சப்பாத்துப் போட்டுக்கொண்டு வரச் சொல்லு, பின்வளவு சேறாக இருக்கும்.

அன்புடன்,
அப்பா