பைனான்ஸ் படித்தால் ஆடிட்டர் ஆகலாமா? வழிகாட்டிக் கூட்டம் நடத்துபவர்களுக்கு ஒரு மடல்

உயர்கல்வி வழிகாட்டிக் கூட்டம் நடத்தும் அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும் வணக்கம்.

போன மாதம் கோலாலம்பூர் செந்தூலில், ஆலய மண்டபத்தில் நீங்கள் நடத்திய கூட்டத்துக்குத் தங்கச்சி மகனை அழைத்துக்கொண்டு வந்திருந்தேன். சனிக்கிழமை காலையில் அத்தனை குடும்பங்களைக் கூட்டி, பசியாறலும் கொடுத்து, மதியம்வரை நடத்துவது சாதாரண வேலை இல்லை. அதற்கு முதலில் நன்றி. ஆனால் அன்று பார்த்த ஒன்று இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

எனக்கு முன்வரிசையில் ஓர் அம்மா, மகளுடைய எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவ அரசாங்கத் தேர்வு) முடிவின் நகலைப் பிளாஸ்டிக் கோப்பில் போட்டு மடியில் வைத்திருந்தார். கேள்வி நேரத்தில் எழுந்து, "மகளுக்கு ஆடிட்டர் ஆகணுமாம், உங்க காலேஜ்ல பைனான்ஸ் எடுத்தா ஆகலாந்தானே?" என்று கேட்டார். மேடையில் இருந்த கல்லூரிப் பிரதிநிதி, "தாராளமா ஆகலாம்மா" என்றார். அந்த அம்மா துண்டறிக்கையின் பின்பக்கம் 'பைனான்ஸ், ஆடிட்டர்' என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டுக்கொண்டார். மேடையில் யாரும் திருத்தவில்லை. நானும் எழுந்து பேசவில்லை, அது என் தப்பு.

நிதித்துறைப் பட்டம் வேறு, கணக்கியல் பட்டம் வேறு. மலேசியாவில் கணக்காளர், ஆடிட்டர் என்று பெயர் போட்டுத் தொழில் நடத்த, 1967ஆம் ஆண்டுச் சட்டப்படி எம்.ஐ.ஏ. என்ற மலேசியக் கணக்காளர் கழகத்தில் பதிந்திருக்க வேண்டும். மலாயாப் பல்கலைக்கழகம், யு.கே.எம். என்ற தேசியப் பல்கலைக்கழகம், சிந்தோக்கில் இருக்கும் உத்தாரா பல்கலைக்கழகம் மாதிரியான அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் கணக்கியல் பட்டம் எடுத்து, மூன்று ஆண்டு வேலை அனுபவமும் இருந்தால் நேராகச் சேரலாம். தனியாரில் கணக்கியல் படித்தவர்கள் பொதுவாக ஏ.சி.சி.ஏ. (பிரிட்டனைச் சேர்ந்த கணக்காளர் அமைப்பின் தேர்வு) போன்ற தொழில்முறைத் தேர்வை முடித்துத்தான் போகிறார்கள். அதே மலாயாப் பல்கலைக்கழகத்திலேயே பைனான்ஸ் பட்டம் எடுத்தாலும், அதை மட்டும் வைத்துக்கொண்டு எம்.ஐ.ஏ.வில் சேர முடியாது. பைனான்ஸ் மட்டமான படிப்பு என்று சொல்லவில்லை; வங்கிக் கடன் பிரிவு, முதலீட்டு ஆய்வு, நிதி நிர்வாக நிறுவனங்கள் என்று அதற்கான வழி நன்றாகவே இருக்கிறது, அந்த வழியில் போகிறவர்கள்தான் சி.எஃப்.ஏ. என்ற முதலீட்டு ஆய்வாளர் தேர்வின் மூன்று நிலைகளையும் எழுதுகிறார்கள். எந்த வழி எங்கே போகிறது என்று சேர்வதற்கு முன்னால் பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இது என் வாழ்க்கையிலேயே நடந்தது. நானும் இப்படி ஒரு மேடைப் பேச்சை நம்பித் தனியார் கல்லூரி ஒன்றில் பைனான்ஸ் சேர்ந்தேன். முடித்துவிட்டுத் தணிக்கை நிறுவனத்தில் நுழைந்த பிறகுதான் விஷயம் புரிந்தது. ஏ.சி.சி.ஏ.வில் மொத்தம் 13 தாள், பொருத்தமான கணக்கியல் பட்டம் இருந்தால் 9 தாள்வரை விலக்குக் கிடைக்கும், எனக்குக் கிடைத்தது மூன்றே மூன்று. அந்த விலக்குக்கும் தாளுக்கு இவ்வளவு என்று பணம் கட்ட வேண்டும் என்பதையும் அப்போதுதான் தெரிந்துகொண்டேன். பகலில் வேலை, இரவு பத்து மணிக்கு மேல் புத்தகம், கணக்கு முடிக்கும் மாதங்களில் அதுவும் இல்லை. ஐந்து வருடம் போனது. பி.டி.பி.டி.என். என்ற அரசாங்கக் கல்விக் கடன் ஒரு பக்கம், தேர்வுக் கட்டணம் ஒரு பக்கம். அப்பா லாரி ஓட்டிச் சேர்த்த பணத்திலும் கொஞ்சம் அதில் கரைந்தது.

அப்புறம், ஊரைப் பற்றியும் யாரும் பேசுவதில்லை. வங்கித் தலைமையகங்கள், புர்சா என்ற பங்குச்சந்தை, ஊழியர் சேமநிதி, டி.ஆர்.எக்ஸ். என்ற நிதி வட்டாரம் எல்லாம் கோலாலம்பூரிலும் அதைச் சுற்றியும் இருப்பதால், முதலீட்டுப் பக்கம் போக விரும்பும் பிள்ளை படிக்கும்போதே பயிற்சிக்கு இங்கே ஒரு கதவைத் தட்டிவிடுவது நல்லது. பினாங்குப் பக்கம் போனால் கதை வேறு. அங்கே பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் உற்பத்திச் செலவுக் கணக்கு, வரவுசெலவுத் திட்டம் என்று நல்ல வேலைகள் இருக்கின்றன, அதை விரும்பும் பிள்ளைக்கு யு.எஸ்.எம். என்ற அரசாங்கப் பல்கலைக்கழகம் பக்கத்திலேயே இருக்கிறது, வீட்டிலிருந்தே போய்வந்தால் வாடகையும் மிச்சம். பெயர் பெரிதா, தரவரிசையில் எத்தனையாவது இடம் என்பதை மட்டும் ஒரு மணி நேரம் பேசிவிட்டு இதை விட்டுவிடுகிறோம்.

எஸ்.பி.எம். முடித்துப் பள்ளியிலேயே படிக்கும் படிவம் ஆறையும் ஏதோ இடம் கிடைக்காதவர்கள் போகிற இடம் மாதிரிச் சொல்லாதீர்கள். அதன் முடிவில் எழுதும் எஸ்.டி.பி.எம். தேர்வு கடினம்தான், ஆனால் செலவு மிகக் குறைவு, அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்கும் வெளிநாட்டுக்கும் அதை வைத்து விண்ணப்பிக்கலாம்.

சரி, உங்களிடம் நான் கேட்பது இதுதான். ஒலிவாங்கியைக் கல்லூரிப் பிரதிநிதியின் கையில் கொடுப்பதற்கு முன்னால், இந்தப் பட்டத்துக்கு எம்.கியூ.ஏ. (படிப்புகளின் தரத்தைச் சரிபார்க்கும் அரசாங்க நிறுவனம்) அங்கீகாரம் உண்டா, எந்தத் தொழில்முறைத் தேர்வில் எத்தனை தாளுக்கு விலக்கு, கடைசி ஆண்டுவரை மொத்தக் கட்டணம் எவ்வளவு என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அதைத் தமிழில் ஒரு பக்கத்தில் அச்சடித்து வாசலில் கொடுங்கள். எழுதித் தர மறுக்கிற கல்லூரிக்கு மேடை வேண்டாம். அதோடு, இந்தத் துறையில் வேலை செய்யும் நம் பிள்ளைகள் இரண்டு மூன்று பேரை ஒரு மேசை போட்டு உட்கார வையுங்கள், பெற்றோர் தனியாக வந்து கேட்கட்டும், மேடையில் எழுந்து கேட்கக் கூச்சப்படுகிறவர்கள்தான் அதிகம்.

அடுத்த கூட்டத்துக்கு நான் வருகிறேன். வங்கிக் கடன் பிரிவில் இருக்கும் தோழி ஒருவரும், தொழிற்சாலைக் கணக்குப் பார்க்கும் பினாங்கு நண்பர் ஒருவரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், பணம் எதுவும் வேண்டாம். அன்று வந்தவர்களின் பெயர், தொலைபேசி எண்ணை வாசலில் எழுதி வாங்கினீர்களே, அந்தப் பட்டியலைப் பார்த்து அந்த அம்மாவுக்கு ஓர் அழைப்புப் போடுங்கள், மகள் இன்னும் பணம் கட்டியிருக்க மாட்டாள் என்று நம்புகிறேன்.