அடித்தல் திருத்தலோடு வீட்டுக்கு வரும் கொப்பி

அன்புள்ள பெற்றாருக்கு,

வணக்கம். போன வாரம் ஒரு தாய் தன் மகளின் தமிழ்க் கொப்பியோடு என் அறைக்கு வந்தார். பக்கம் முழுக்க அடித்தல் திருத்தல், ஓரத்தில் அம்புக்குறிகள். சிவப்புப் பேனை ஓரிடத்திலும் படவில்லை. "ரீச்சர் இதைப் பார்க்கவே இல்லையா சேர்?" என்று கேட்டார். நியாயமான கவலை. உங்களில் பலருக்கும் அது இருக்கலாம் என்பதால் எழுதுகிறேன்.

முன்பு தலைப்பைக் கரும்பலகையில் எழுதுவோம். நாற்பது நிமிடத்தில் பிள்ளை எழுதித் தரும். நாங்கள் மினக்கெட்டுத் திருத்திக் கொடுத்தால், புள்ளியைப் பார்த்ததும் கொப்பியை மூடிவிடும். இந்தத் தவணையிலிருந்து தரம் 6 முதல் 9 வரை ஒரே கட்டுரைக்கு நான்கைந்து பாடவேளை கொடுக்கிறோம். முதலில் பக்கத்துப் பிள்ளையோடு பேச்சு, பிறகு ஒரு வரி விட்டு ஒரு வரியாக முதல் வரைவு, பிறகு அதை வாய்விட்டு வாசித்துக் காட்டல், மறுபடி எழுதல். பத்திரிகையாளராக இருந்து ஆசிரியரான டொனால்ட் மரே, அமெரிக்காவில் 1972 இலேயே இதை வலியுறுத்தினார். எங்கள் வகுப்பறைகளுக்குப் பிந்தித்தான் வந்திருக்கிறது.

அந்த மகள் கன்னியாவைப் பற்றி எழுதியிருந்தாள். "கன்னியா வெந்நீர் ஊற்று திருகோணமலையில் உள்ளது. அங்கு ஏழு கிணறுகள் உள்ளன. அது மிகவும் அழகான இடமாகும்." பிழை ஒன்றுமில்லை. பழைய முறையில் நல்ல புள்ளியே கிடைத்திருக்கும். வாசித்துக் காட்டியபோது பக்கத்துப் பிள்ளை, "ஏழும் ஒரே சூடா?" என்று கேட்டிருக்கிறாள். அடுத்த வரைவில் இப்படி வந்தது: "ஒரு கிணற்றுத் தண்ணீர் சுகமாக இருந்தது. பக்கத்துக் கிணற்றில் அள்ளிய அம்மம்மா, முதலில் தன் காலில் ஊற்றிப் பார்த்துவிட்டுத்தான் என் தலையில் ஊற்றினார்." 'மிகவும் அழகான இடமாகும்' என்ற வரியை ஒருவரும் சொல்லாமல் அவளே கோடு போட்டு அடித்திருந்தாள். அந்தக் கோட்டைத்தான் தாய்க்குக் காட்டினேன். அவர் இரண்டையும் வாசித்துவிட்டு, "இது எங்கட அம்மாதான்" என்றார்.

ரகர றகரம், லகர ளகரமெல்லாம் கடைசி வரைவில் கட்டாயம் திருத்தப்படும். முதலிலேயே பிழை பிடித்தால் பிள்ளை தனக்கு எழுத்துக்கூட்டத் தெரிந்த சொற்களை மட்டும் எழுதப் பழகிவிடும். இதை நான் பல வருடம் பார்த்துவிட்டேன்.

சாதாரண தரப் பரீட்சையில் இத்தனை நேரம் கிடைக்குமா என்று கேட்பீர்கள். கிடைக்காது. ஆனால் பாடமாக்கிய கட்டுரை, தலைப்புக் கொஞ்சம் மாறினாலே கைவிட்டுவிடும். யோசித்து எழுதப் பழகிய பிள்ளை ஐந்து நிமிடத்தில் குறிப்பெடுத்துத் தொடங்கும்.

வீட்டில் நீங்கள் செய்யவேண்டியது அதிகமில்லை. வடிவில்லை என்று பக்கத்தைக் கிழிக்கச் சொல்லாதீர்கள். பிள்ளைக்காக நீங்கள் எழுதிக் கொடுக்கவும் வேண்டாம். சமைக்கும்போதோ வலை தைக்கும்போதோ பக்கத்தில் இருத்தி வாசிக்கச் சொல்லுங்கள். விளங்காத இடத்தில் "பிறகு என்ன நடந்தது?" என்று கேளுங்கள். எழுத வாசிக்கத் தெரியாத அம்மம்மாவும் கேட்கலாம்.

வரி விட்டு எழுதுவதால் கொப்பி கெதியில் முடிந்துவிடும். தமிழுக்கு இன்னொரு 80 பக்கக் கொப்பி தேவைப்படும். வாங்க வசதியில்லாதவர்கள் வகுப்பாசிரியரிடம் ஒரு சொல் சொன்னால் போதும், பாடசாலையே தரும். முடிந்த கட்டுரைகளை முதல் வரைவோடு சேர்த்து வகுப்புச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். பிள்ளையை ஏற்ற வரும்போது உள்ளே வந்து பாருங்கள்.

அன்புடன்,
அதிபர்
திருகோணமலை