பிளென்ஹைம் ஏரி மனிதர் கட்டியது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சென்ற இதழின் பயணக் கட்டுரையில், இங்கிலாந்தின் பிளென்ஹைம் மாளிகை ஏரியை 'இயற்கையின் கொடை' என்று எழுதியிருந்தீர்கள். ஆற்றை மறித்துக் கரை போட்டுத் தேக்கிய ஏரி அது.

1704 ஆகஸ்ட் 13 அன்று பிளென்ஹைம் போரில் வென்ற ஜான் சர்ச்சில், மார்ல்பரோவின் முதல் கோமகன். வெற்றிப் பரிசாக வுட்ஸ்டாக் பண்ணையை ராணி ஆன் அவருக்கு வழங்கினார். 1705-ல் மாளிகை வேலை தொடங்கியது. கட்டடக் கலைஞர் வான்பிரா, கிளைம் என்ற சிற்றாற்றின் பள்ளத்தாக்குக்குக் குறுக்கே பிரம்மாண்டமான பாலம் ஒன்றை எழுப்பினார். நடு வளைவு மட்டுமே 101 அடி. பாலத்துக்குள் முப்பதுக்கும் மேற்பட்ட அறைகள். கீழே ஓடியதோ வாய்க்கால் தண்ணீர்! இந்த வீண்செலவைக் கோமகனின் மனைவி சாராவால் பொறுக்க முடியவில்லை. சண்டை முற்றி 1716-ல் வான்பிரா விலகினார். பிற்பாடு ஆற்றைக் கால்வாயாக வெட்டிப் பார்த்தார்கள். பாலத்தின் பருமனுக்கு அதுவும் எடுபடவில்லை.

1760-களில் நான்காம் கோமகன் அழைத்து வந்த தோட்ட வடிவமைப்பாளர் 'கேப்பபிலிட்டி' பிரவுன்தான் தீர்வு கண்டார். பள்ளத்தாக்கின் கீழ்முனையில் கரை எழுப்பி நீரைத் தேக்கினார். பாலத்தின் கீழ் அறைகள் மூழ்கின, பாலமும் நீரும் அளவில் பொருந்தின. ஏரியின் முனைகள் கண்ணுக்குத் தெரியாதபடி வளைவும் மரக்கூட்டமும் மறைத்ததால் ஏதோ பேராறு போகிறது என்றே தோன்றும். கட்டுரையாளர் ஏமாந்ததில் வியப்பில்லை; பிரவுன் விரும்பியதும் அதுவே. கட்டுரையில் வரும் 'அழகிய அருவி'யும் உண்மையில் உபரிநீர் வழியும் கலங்கல்தான். பாறைகளை அடுக்கி அருவிபோல் காட்டியிருக்கிறார்கள்.

அக்காலத்தில் இத்தகைய கரைகளில் நீர் கசியாமலிருக்க, களிமண்ணைத் தண்ணீர் விட்டு மிதித்துப் பிசைந்து அடுக்கடுக்காக இடுவார்கள். ஈரம் இருக்கும்வரை அது நீரைத் தடுக்கும், காய்ந்தால் வெடிக்கும். மரவேரும் வளை தோண்டும் விலங்கும் அதற்குப் பகை. ஆகவே இப்படிப்பட்ட ஏரியை ஒரேயடியாக வற்றவைத்துத் தூர்வாருவது ஆபத்து. ஆறு ஏரிக்குள் நுழைந்ததும் ஓட்டம் தளர்ந்து வண்டல் படிவதால், பாலத்துக்கு ஆறு வரும் பக்கத்திலுள்ள ஏரிப் பகுதியான 'ராணிக் குளம்'தான் முதலில் தூர்ந்துபோகிறது. அண்மையில் அங்கே பெரிய அளவில் தூர்வார வேண்டியதாயிற்று.

இன்னொரு திருத்தம். மாளிகையை ஒட்டிய நீர்த்தளங்கள், அதாவது குளங்களும் நீரூற்றுகளும் கொண்ட படித்தளத் தோட்டங்கள், கட்டுரை சொல்வதுபோல் முன்னூறு ஆண்டுப் பழமையானவை அல்ல. பழைய அலங்காரத் தோட்டத்தை அழித்துச் சுவர்வரை புல்வெளியாக்கியவர் பிரவுன். 1895-ல் அமெரிக்க ரயில்வே செல்வக் குடும்பத்து கான்சுவேலோ வாண்டர்பில்ட்டை மணந்த ஒன்பதாம் கோமகன், தோட்டங்களை மறுபடி அமைக்க முனைந்தார். ஆஷில் டுஷேன் என்ற பிரெஞ்சுக் கலைஞர் நீர்த்தளங்களை அமைத்தது 1925 முதல் 1930 வரை.

அடுத்த முறை பாலத்தின் படத்தோடு கலங்கலின் படத்தையும், கரை எங்கே என்று காட்டும் வரைபடத்தையும் வெளியிட்டால் நன்று.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கும்பகோணம்