கோரிக்கை மனு: உம்கோமாசி ஆற்றுப் படகுத்துறைப் பாதையைத் திறந்துவிட வேண்டி

அனுப்புநர்:
உம்கோமாஸ், உம்சிண்டோ வட்டாரத் தமிழ்க் குடும்பத்தினரும் துடுப்புப் படகு பழகும் இளைஞர்களும்,
குவாசுலு-நடால், தென்னாப்பிரிக்கா.

பெறுநர்:
ஆற்றங்கரைப் பொது இடங்களுக்குப் பொறுப்பான உயர் அதிகாரி அவர்கள்.

பொருள்: பூட்டிக் கிடக்கும் வாயிலைத் திறத்தல், பாலத்தூணில் நீர்மட்டக் குறியீடு வரைதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். டிராக்கன்ஸ்பெர்க் மலையில் பிறந்து எங்கள் ஊரருகே கடலில் சேரும் உம்கோமாசியின் முதன்மை ஓட்டத்தில் இன்றுவரை பெரிய அணை எதுவும் இல்லை. ஸ்மித்ஃபீல்டில் அணை கட்டும் திட்டம் இருப்பதை அறிவோம். அதைப் பற்றிப் பேச இந்த மனு எழுதவில்லை. ஆற்றில் படகு இறக்கப் பொதுமக்களுக்கென்று விடப்பட்ட துறைக்குப் போக முடியவில்லை என்பதே எங்கள் குறை.

பாலத்தைத் தாண்டி மண்பாதையில் இறங்கினால் இரும்பு வாயில். சங்கிலி துருவேறியது, பூட்டு மட்டும் புதியது. சாவி யாரிடம் என்று கேட்டால் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்டுகிறார்கள். பிள்ளைகள் முள்கம்பிக்கு மேல் படகைத் தூக்கிக் கொடுத்து, கம்பிக்கு அடியில் ஊர்ந்து போகிறார்கள். மாடுகளுக்குத் தண்ணீர் காட்ட வரும் சூலு மக்களும் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டியிருக்கிறது.

1998-ஆம் ஆண்டின் தேசிய நீர்ச் சட்டம், முறையாகச் சென்றடையக்கூடிய நீர்நிலையைப் பொழுதுபோக்குக்காகப் பயன்படுத்த எவருக்கும் இடம் தருகிறது. பயணத்தைத் தொடர்வதற்காகக் கரையோர நிலத்தின் வழியே படகைச் சுமந்து செல்லவும் அதன் முதல் அட்டவணை அனுமதிக்கிறது. ஆற்றுக்கு இறங்கும் வழியே அடைபட்டிருந்தால் இந்த உரிமையால் என்ன பயன்?

எங்கள் பெரியவர்கள், பொது இடங்களை இனவாரியாகப் பிரித்த 1953-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வாழ்ந்தவர்கள். அது 1990-இல்தான் நீக்கப்பட்டது. பூட்டியவர் அதை மனத்தில் வைத்துப் பூட்டியிருக்க மாட்டார். ஆயினும் பேரப்பிள்ளைகள் வாயிலில் நிற்பதைப் பார்க்கும்போது அவர்களுக்கு வேறொன்றும் நினைவுக்கு வருவதில்லை.

அடுத்தது பாதுகாப்பு. தமிழ்நாட்டில் ஆடியில் ஆறு பெருகும். இங்கே ஆடி குளிர்காலம். நீர் வற்றிப் பாறைகள் தலைகாட்ட, படகு தரைதட்டும். தைப்பூசக் காவடி முடிந்து துடுப்பெடுக்கும் நாட்களில்தான் நீர் செம்மண் நிறத்தில் புரண்டு வருகிறது. மலையில் பெய்யும் மழை துறையில் நிற்பவருக்குத் தெரியாது. மேலே வானம் வெளுத்திருக்க, காலடியில் நீர் ஏறிக்கொண்டிருக்கும். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் இந்த மாகாணத்தில் 400-க்கும் மேற்பட்டோர் மாண்டதைத் தாங்கள் அறிவீர்கள். ஆகவே பாலத்தூணில் மீட்டர் அளவும், நீர் அதற்கு மேல் ஏறினால் ஆற்றில் இறங்கக் கூடாது என்ற சிவப்புக் கோடும் வரையச் செய்யுங்கள். ஒரு டின் பெயிண்டும் ஓர் ஏணியும் போதும். அறிவிப்பு சூலுவிலும் ஆங்கிலத்திலும் இருக்கட்டும்.

தார்ச்சாலை, கான்கிரீட் படித்துறை, கடைகள் எதையும் நாங்கள் கேட்கவில்லை. தந்தாலும் வேண்டாம் என்றே சொல்வோம். வாகனங்கள் மேலேயே நிற்கட்டும், படகைத் தோளில் சுமந்து இறங்குகிறோம். டர்பன் அருகேயுள்ள இனாண்டா அணையில், படகில் ஒட்டிக்கொண்டும் பரவக்கூடிய ஆகாயத்தாமரைக் களை படுத்தும் பாட்டைப் பார்த்திருக்கிறோம். பிற நீர்நிலைகளில் ஓட்டிய படகைக் கழுவித் துடைத்த பிறகே இங்கே இறக்க வேண்டும் என்று விதி செய்தால், அதைக் காவல் காக்கும் வேலையை எங்கள் இளைஞர்களே ஏற்பார்கள். குப்பையைத் திரும்ப எடுத்துச் செல்வதும் எங்கள் பொறுப்பு.

வாயிலை உடனே திறக்க இயலாதெனில், சாவி யாரிடம், எந்த நேரத்தில் கிடைக்கும் என்பதையாவது எழுத்தில் தெரிவிக்கக் கோருகிறோம். தாங்கள் நேரில் பார்வையிட வரும் நாளை அறிவித்தால் துறையில் காத்திருப்போம். நவம்பருக்கு முன் வருவது நல்லது. மழை பிடித்துக்கொண்டால் அந்த மண்பாதையில் கார் ஏறாது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மேற்கண்ட குடும்பத்தினரும் இளைஞர்களும்